மூன்று சுழி

வேலி என்று அதற்குப் பெயர் வைத்த மகராசன் பழமொழி எதையும் காதில் வாங்காமல் வளர்ந்தவனாக இருக்க வேண்டும். வேலியே பயிரை மேய்ந்த கதை தெரிந்த எவனும் ஒரு அரசாங்கத் திட்டத்துக்கு அந்தப் பெயரை வைக்க மாட்டான். ஆனால் வைத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் போன் எல்லாவற்றிலும் வேலி ஓடியாக வேண்டும் என்று சட்டமும் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பார்க்கக்கூடாத படமோ, அந்தப் படத்தைத் தேடும் சொல்லோ, ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்ளும் அசிங்கப் பேச்சோ எதுவும் வேலியைத் தாண்டாது என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

இயந்திரத்துக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். அதாவது, ஒன்றும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அப்படித் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்காரவைத்த பெண்களில் மூத்தவளுக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே சல்லடை அக்கா. அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. உமியையும் தவிட்டையும் கீழே தள்ளி நல்லதை மேலே நிறுத்துகிற சாமான் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

நாலாவது மாடியில் ஜன்னலைத் திறக்க முடியாத அறை. குளிர்சாதனத்தின் குளிருக்குப் பயந்து எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போனை வாசலிலேயே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இடைவேளையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எழுதியதில் வேலிக்கு விளங்காத சொல் ஏதாவது வந்து, பக்கத்தில் 'படம்' மாதிரி சந்தேகத்துக்கு இடமான சொல்லும் இருந்தால், வேலி அந்தச் செய்தியைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு இவர்களைக் கேட்கும். முழு வாக்கியத்தையும் காட்டாது. பிள்ளைகளின் அந்தரங்கம் கெட்டுவிடக்கூடாதாம். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, முன்னே என்ன, பின்னே என்ன, எதுவும் கிடையாது. நடுவிலிருந்து இரண்டு சொல்லைப் பிய்த்து, எத்தனை போனிலிருந்து வந்தது என்ற எண்ணிக்கையோடு திரையில் போடும். நல்ல சொல் என்றால் பச்சைப் பொத்தான், செய்தி போய்ச் சேரும். கெட்ட சொல் என்றால் சிவப்புப் பொத்தான், செய்தி அதோடு காலி. அந்தச் சொல் பிறகு எத்தனை தடவை வந்தாலும் யாரையும் கேட்காமல் வேலியே முழுங்கிவிடும்.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? ஒரு பருவத்தில் 'பூகோள நோட்டு' என்றால் அது பூகோள நோட்டு இல்லை. அதைத் தடுத்தார்கள். நிஜமாகவே பூகோள நோட்டைக் கேட்டு எழுதிய அப்பாவிகள் பரீட்சைக்குப் படிக்க முடியாமல் தவித்ததுதான் மிச்சம். மற்றவர்கள் அடுத்த வாரமே வேறு சொல்லுக்குத் தாவிவிட்டார்கள். தடுத்துவிட்டோம் என்று திரையில் சிவப்பாகக் காட்டினால், தடுத்தது தெரிந்துபோகிறது. தெரிந்தால் புதுச்சொல் தேடுகிறார்கள். அலுவலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சல்லடைதான் வழி சொன்னாள்.

"தடுத்தோம்னே சொல்லாதீங்க சார். போய்ச் சேர்ந்துட்ட மாதிரியே காட்டுங்க. அந்தப் பக்கத்திலேருந்து பதில் வராது. ரெண்டு தடவை எழுதிப் பார்த்துட்டு, இது பேசக்கூடாத விஷயம் போலன்னு பிள்ளையே விட்டுடும்."

"இது எங்கே படிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"வீட்லதான்," என்றாள்.

அது உண்மை. அவள் மகள் பள்ளிக்கூடத்தில் கேட்ட ஏதாவது ஒரு சொல்லைக் கொண்டுவந்து "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டால் இவள் திட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள். காதிலேயே விழாத மாதிரி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பாள். திட்டினால் சொல் மனதில் நின்றுவிடும். கேளாதது போல இருந்தால் தானாக உதிர்ந்துவிடும். பகல் முழுக்கச் சாக்கடையில் கைவிட்டுத் துழாவுகிறவளுக்கு வீட்டில் ஒரு சொட்டு அழுக்குச் சொல் விழுந்தாலும் தாங்காது. உடம்பைப் பற்றியோ, உடையில்லாமல் இருப்பதைப் பற்றியோ அந்த வீட்டில் பெரிய மனுஷச் சொல் ஒன்றுகூடப் புழங்கவில்லை. மகள் மழலையில் வைத்த பெயர்கள்தான், அதுவும் எப்போதாவது, ஆறாவது வகுப்புக்கு வந்த பிறகும்.

யோசனை பலித்தது. புதுச்சொற்கள் பாதியாகக் குறைந்தன. சல்லடைக்கு நாற்காலி மாறி, ஜன்னலோரம் வந்தது.

வீட்டில் மட்டும் அவள் பெருமை செல்லுபடியாகவில்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் உலகத்தை மேலேயும் கீழேயும் கொண்டுபோய் விடுகிறவர், மனைவியின் பேச்சுக்கு மட்டும் ஒரு மாடிகூட ஏறமாட்டார்.

"என் பிள்ளை எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக்கூடாதுன்னு சொல்ல அரசாங்கம் யாரு? பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"இருக்கீங்க. லிஃப்டுக்குள்ள இருக்கீங்க. சனிக்கிழமைகூட வீட்ல இல்லை."

"நீ மட்டும் இருக்கியா?"

"இல்லைன்னுதானே சொல்றேன். உங்களாலயும் என்னாலயும் முடியலைன்னுதானே அரசாங்கம் வருது."

"ஊரான் வீட்டுப் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு நினைச்சுக்கிட்டிருக்கே. அரசாங்கத்துக்கு என் பிள்ளை ஒரு நம்பர். எனக்குத்தான் அவ பிள்ளை."

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இந்தச் சண்டை நடக்காத நாள் குறைவு. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அரசாங்கத்தின் வேலி இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டின் பங்குக்குக் காவல், புருஷனின் தம்பி. அவனுக்குப் போன் பழுது பார்க்கும் கடை. பிறருடைய போனைத் திறந்து மூடியே பிழைப்பு நடத்துகிறவன். சனிக்கிழமை காலையில் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு வருவான். மகளின் போனை வாங்கி, வாரம் முழுக்க என்ன பார்த்தாள், யாரோடு பேசினாள் என்று துருவிப் பார்ப்பான். சல்லடை அரைநாள் வேலை முடிந்து திரும்பும் வரைக்கும் பிள்ளைக்குத் துணையாகவும் இருப்பான். அண்ணி, அண்ணி என்று அவன் அழைப்பதில் ஒரு மரியாதை இருக்கும். "பாப்பா போன் சுத்தம் அண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவான். ஒன்றுக்கு இரண்டு காவல் என்று இவளும் நிம்மதியாக இருந்தாள்.

அந்தச் சொல் வந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல்.

பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதுவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். வேலி அதைத் தமிழாக்கி இவர்கள் முன்னால் வைக்கும். அதற்கு எந்த ல-வும் ஒன்றுதான். ரெண்டுசுழி ன-வும் மூணுசுழி ண-வும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் பல்லிக்கூடமாக வரும், மழை மலையாக வரும். எது எதுவென்று கண்டுபிடித்துப் படிப்பதில் சல்லடையை அடிக்க ஆளில்லை. அன்றைக்குத் திரையில் வந்து நின்றது இரண்டே சொல்.

மனக்கிண்டி படம்.

அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "இங்கே வாங்களேன், எல்லாரும் வாங்க. பிள்ளைங்க மூளையைப் பாருங்க!"

சால்வைகளோடு நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

"மனக்கிண்டி. மனசைப் போட்டுக் கிண்டுது பாருங்க, அதனால மனக்கிண்டி. நம்ம தலைமுறையில யாருக்காவது அந்த மாதிரிப் படத்துக்கு இவ்வளவு நல்ல தமிழ்ல ஒரு பேர் வைக்கத் தோணியிருக்குமா?"

அறையே சிரித்தது. சோற்றுக் கரண்டியைச் சுற்றுவது போல் ஒருத்தி கையைச் சுற்றிக் காட்டினாள். எதிர்மேஜைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பாள் என்று அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர்.

"எத்தனை போன்லேருந்து வந்திருக்கு?"

"ஒண்ணுதான், இப்போதைக்கு."

"ஒரு பிள்ளை மட்டும் பேசறது எப்படி ரகசிய பாஷை ஆகும்? ரகசியத்துக்கே ரெண்டு பேர் வேணுமே. அது என்னவோ ஏதோ. பச்சையை அழுத்திட்டுப் போங்க அக்கா."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்," என்றாள் சல்லடை. "இன்னிக்கு ஒரு பிள்ளை, நாளைக்கு ஊர் முழுக்க." சிவப்பை அழுத்தினாள்.

அதிகாரி அந்தச் சொல்லைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்களிடம் அதையே உதாரணமாகச் சொன்னார். மனக்கிண்டி கொஞ்ச நாளைக்கு அலுவலகத்தின் செல்லச் சொல்லாக இருந்தது. காபி கலக்குகிறவளைக்கூட மனக்கிண்டி என்று கூப்பிட்டார்கள். தடுத்த சொல் மறுபடி வந்தால் திரையில் ஓர் ஓரத்தில் எண்ணிக்கை மட்டும் ஏறும். அது மெல்ல ஏறியது. அதே போன். "விடாக்கண்டனாட்டம் இருக்கே இந்தப் பிள்ளை," என்று சல்லடை சொல்லிக்கொண்டாள். பிறகு ஏறுவது நின்றுவிட்டது. யோசனை பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

அந்தச் சொல் முதலில் வந்த சனிக்கிழமையே வீட்டில் இன்னொன்று நடந்தது; அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து திரும்பியபோது கொழுந்தன் இல்லை. கடையில் அவசரமாம், போய்விட்டானாம். மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று இவளுக்குத்தான் அடித்துக்கொண்டது. அவளே அவனைப் போனில் அழைத்தாள்.

"என்ன தம்பி, ஆளையே காணோம்? எங்க மேல ஏதாவது கோபமா?"

"கோபமா? எனக்கா? இல்லை அண்ணி... நீங்கதான் ஏதாவது..."

"நான் என்ன? பாப்பா தனியா இருக்கா தம்பி. நீங்க வந்தாத்தான் எனக்கு வேலையில மனசு நிக்கும்."

அவன் வந்தான். முதல் நாள் வாசலிலேயே தயங்கி நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உடம்பு இளைத்துவிட்டானே என்று உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். போகும்போது நிமிர்ந்து பார்த்து, "அப்போ அடுத்த சனிக்கிழமை வர்றேன் அண்ணி," என்றான். அதற்கப்புறம் தயக்கமெல்லாம் போய்விட்டது.

மகள்தான் மாறிப்போனாள். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். தலை பின்னிவிடக் கூப்பிட்டால் "நானே பின்னிக்கறேன்" என்று நகர்ந்துவிடுவாள். அம்மா தொட்டால் தோளைச் சுருக்கிக்கொள்வாள். சித்தப்பா வந்தால் வா என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று சல்லடை திட்டினாள். மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பெண் பிள்ளைகள் இந்த வயதில் அம்மாவை எதிரியாகப் பார்க்கும் என்று யாரோ சொன்னதை நினைத்து இவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். எதிர்வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தார்கள். அது துண்டிலிருந்து நழுவி, ஒட்டுத்துணி இல்லாமல், தாழ்வாரம் முழுக்க ஈரக்காலோடு ஓடி இவர்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே அதன் அம்மா துண்டோடு ஓடி வந்தாள். சல்லடையோடு சேர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையைத் தட்டி, "ஏய், மணக்கிண்டி! பிடிங்க, பிடிங்க, மணக்கிண்டி ஓடுது!" என்று கத்தினார்.

சல்லடையும் சிரித்தாள். எவ்வளவு காலமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! மகள் நடை பழகிய காலத்தில் தினமும் இதே கூத்துதான். குளித்து முடித்ததும் ஓடுவாள். "அம்மணக்குண்டி, அம்மணக்குண்டி" என்று அப்பா துரத்துவார். அவளும் திரும்பிச் சொல்வாள். வாயில் பல் முழுக்க முளைக்காத குழந்தை, அம்மணக்குண்டி என்று வருமா? மணக்கிண்டி என்று வந்தது. அதிலிருந்து உடையில்லாமல் இருக்கும் எதுவும் அந்த வீட்டில் மணக்கிண்டிதான். உரித்த கோழி மணக்கிண்டி. சட்டை போடாத பொம்மை மணக்கிண்டி. உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத சொல்.

மடித்த துணி அவள் கையிலேயே இருந்தது. மணக்கிண்டி என்று மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். மூணுசுழி. ஆங்கில எழுத்தில் தட்டினால் மூணுசுழி எங்கே இருக்கிறது? மனக்கிண்டி.

மனக்கிண்டி படம்.

எதிர்வீட்டுக்காரி குழந்தையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். இவள் காதில் அது விழவில்லை. துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு மகளின் அறைக்குப் போனாள்.

மகள் சுவரோரமாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா." மகள் நிமிரவில்லை. "பாப்பா, நீ போன்ல யாருக்காவது மணக்கிண்டி படம்னு எழுதினியா?"

மகள் பென்சிலை வைத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. என்றைக்கோ முடிந்துபோன விஷயத்தை இப்போது எதற்குக் கேட்கிறாய் என்பது போல ஒரு அலுப்புதான் இருந்தது.

"உனக்குத்தான் எழுதினேன்."

"எனக்கா?"

மகள் போனை எடுத்து, விரலால் மேலே தள்ளித் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தி நீட்டினாள். ஆங்கில எழுத்தில் இருந்ததைச் சல்லடை தமிழாக வாய்விட்டுப் படித்தாள். இந்தத் தரம் ஒரு சுழிகூடத் தப்பவில்லை.

"அம்மா சித்தப்பா அவர் போன்ல மணக்கிண்டி படம் காட்றார். பெரியவங்க மணக்கிண்டி படம். எனக்குப் பயமா இருக்கு. நீ சீக்கிரம் வா."

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'சேர்ந்தது' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

அதற்கும் கீழே, அன்று இடைவேளையில் அவள் பெட்டியைத் திறந்து போனை எடுத்து அனுப்பியது இருந்தது. 'சித்தப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தியா?'

சல்லடை கீழே தள்ளிப் பார்த்தாள். 'அம்மா மறுபடியும் மணக்கிண்டி படம்.' சேர்ந்தது. 'மழை வருது, துணியை உள்ளே எடுத்துப் போடு.' 'அம்மா அவரை வர வேண்டாம்னு சொல்லு. மணக்கிண்டி படம் பார்க்கச் சொல்றார்.' சேர்ந்தது. 'சித்தப்பாகிட்டே மரியாதையாப் பேசு.' இன்னும் இருந்தன. அப்புறம் அம்மா அனுப்பியவை மட்டும்தான் இருந்தன.

"வாயால சொல்லியிருக்கலாமே கண்ணு..."

"வாயால சொல்ல வரலை. அதான் எழுதினேன்." மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்கே சித்தப்பா என் போனை வாங்கிப் பார்த்துட்டார். பயந்துட்டு ஓடிட்டார். அப்புறம் வரவே இல்லை. நீ திட்டிட்டேன்னு நினைச்சேன். ஆனா நீயே அவரைக் கூப்பிட்டே. சோறெல்லாம் போட்டே."

மகள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்புறம் அவர் இதைத் திறந்து திறந்து காட்டினார். 'பார்த்தியா, உங்கம்மா படிச்சுட்டா. ஒண்ணும் சொல்லலை பாரு. அவளுக்கு இதெல்லாம் தெரியும்'னு சொன்னார். நீ எப்பவும் அப்படித்தானே? பிடிக்காததைக் கேட்டா, காதுலயே விழாத மாதிரி இருப்பே. அதான் விட்டுட்டேன்."

"தொட்டானா பாப்பா? உன்னை..."

"இல்லை. படம்தான். கண்ணை மூடினா திறக்கச் சொல்வார்."

அந்த 'இல்லை'யைக் கேட்டு ஒரு நொடி மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாசற்படியில் புருஷன் நின்றிருந்தார். எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது. "என் தம்பியா?" என்றார். "என் தம்பியா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு ஒரேயடியாக வெடித்தார்.

"உன் வேலி எங்கே போச்சு? ஊரைக் காக்கிறேன், உலகத்தைக் காக்கிறேன்னு குதிச்சியே! அவன் படம் காட்டறப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தது உன் அரசாங்கம்?"

"அது பிள்ளைங்க போன்லதான் ஓடும். அவன் போன்ல கிடையாது. பெரியவங்க போனைத் தொட அதுக்கு அதிகாரமில்லை."

"அப்போ பிள்ளை கையைக் கட்டிப்போட்டுட்டுத் திருடனை அவுத்து விட்டிருக்கீங்க!"

"அவுத்து விட்டது நானா? வீட்டுக் காவலுக்கு என் தம்பின்னு கொண்டுவந்து உட்கார வச்சது யாரு? பாலுக்குப் பூனையைக் காவல் வச்சது யாரு?"

"எனக்கு என்ன தெரியும்? உனக்கு எழுதியிருக்கா! சேர்ந்ததுன்னு போட்டிருக்கு! பெத்த தாய், ஒரு வார்த்தை..."

"எனக்கு வரலைங்க! வேலி பிடிச்சுக்கிட்டது. பிடிச்சாலும் சேர்ந்த மாதிரிதான் காட்டும். என் போனைப் பாருங்க, எடுத்துட்டு வர்றேன், பாருங்க, எனக்கு ஒண்ணுமே வரலை!"

"பிள்ளையைப் பெத்தவ நீ, உனக்குத் தெரியலை. அரசாங்கத்தைக் கேட்டா அதுக்கும் தெரியலை..."

"நீங்க பெக்கலையா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்னீங்களே, அந்தக் குத்துக்கல் எங்கே இருந்துது?"

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நடந்த அதே சண்டைதான். சத்தம் மட்டும் கூடியிருந்தது. பெற்றவர்களா, அரசாங்கமா என்று இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கத்தியிருப்பார்கள். கத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

மகள்தான் நடுவில் வந்து நின்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னவோ ஒன்று திரும்பி வரப் பார்த்தது. அம்மா படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, அம்மாவுக்கு வரவே இல்லை என்ற செய்தி அவளுக்குள் இப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும்.

"நிஜமா உனக்கு வரலையா?"

"சத்தியமா வரலை கண்ணு."

"அப்போ யாருக்கும்மா போச்சு?"

புருஷனும் அவளைப் பார்த்தார். பதில் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. இயந்திரம் தின்றுவிட்டது என்று சொன்னால் போதும். பிள்ளை நம்பிவிடும். தோளைச் சுருக்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும். நாளைக்குப் போலீஸுக்குப் போகலாம், அவனை உள்ளே தள்ளலாம், அம்மாவுக்கு வரவே இல்லை என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். இது எதையும் கேட்காதது போலவும் இருந்துவிடலாம். அந்த வித்தை அவளுக்குக் கைவந்தது.

சல்லடை தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் வந்துது கண்ணு," என்றாள். "என் மேஜைக்குத்தான் வந்துது. நான் படிச்சேன். படிச்சுட்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சேன்."